கயிற்றுக்கு அந்தப் பக்கத்து வட்டக்காய்

என்னிடம் இப்போது இரண்டு கூறு நிலம் இருக்கிறது. ஒன்று எனக்குக் கொடுக்கப்பட்டது. மற்றது, பக்கத்தில் பயிர் செய்த நானாவுடையது. இரண்டிலும் வட்டக்காய்க் கொடி ஓடுகிறது. ஒவ்வொரு இலையும் சோற்றுத் தட்டை மூடும் அகலம். பரீட்சைத் தாளில் பூசணி என்று எழுத வேண்டும் எனப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். ஆனால் கண்டியில் வாயைத் திறந்தால் வட்டக்காய்தான் வரும்.

வேலியோரமாகப் போகிறவர்கள் நின்று பார்த்து, என்ன உரம் போடுகிறேன் என்று கேட்கிறார்கள். மாட்டெரு, தேயிலைச் சக்கை, அடுப்புச் சாம்பல் என்கிறேன். அது உண்மைதான். கொடியின் ஒவ்வொரு கணுவையும் மண்ணால் மூடி வேர்விட வைப்பதையும், பக்கக் கிளைகளின் நுனியைக் கிள்ளுவதையும் சொல்கிறேன். அதுவும் உண்மை. இரண்டாவது கூறு எப்படி என் கைக்கு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்லிவிடுகிறேன். கேட்கட்டும் என்று காத்திருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

கட்டுகஸ்தோட்டையில், பாலத்திலிருந்து மேலே ஏறும் றோட்டில் கைவிடப்பட்ட ஒரு பழைய களஞ்சியம் இருக்கிறது. அதன் பின்னால் ஆற்றைப் பார்த்துச் சரியும் காணி. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், எங்கள் பகுதி நலன்புரிச் சங்கம் அந்தக் காணியின் பற்றையை வெட்டி, கயிறு கட்டிக் கூறு கூறாகப் பிரித்து, கேட்டவர்களுக்கெல்லாம் பயிர் செய்யக் கொடுத்தது. வாடகை இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று. அடுத்தடுத்து இரண்டு போகம் ஒன்றும் விளையாத கூறு வேறொருவருக்குப் போகும்.

எனக்கு மரக்கறி தேவைப்பட்டது உண்மை. அதைவிட, காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. மனைவி காலமாகிவிட்டாள். மகள் கனடாவில். ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து விளக்கில் படித்து, தாவரவியல் ஆசிரியனாகி, முடி நரைக்கும்வரை வகுப்பறையில் நின்றவன் நான். அங்கே நாள் முழுவதும் யாராவது என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பென்ஷன் எடுத்த பிறகு அது நின்றுபோனது. கடைக்காரரிடம் நான் கேட்கிறேன், மருந்துக்கடையில் நான் கேட்கிறேன், பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்கிறேன். என்னிடம் கேட்பதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. தனிமை என்றால் பேச ஆளில்லாதது என்று நினைத்திருந்தேன். என் தனிமை அப்படியல்ல. தெரிந்ததைக் கேட்க ஆளில்லாததுதான் என்னை அரித்தது.

பக்கத்துக் கூறு நானாவுக்குக் கிடைத்தது. என் வயதுதான் இருக்கும். ஆனாலும் இங்கே முஸ்லிம் ஆண்களை நானா என்று அழைப்பது வழக்கம். அவர் என்னை மாஸ்டர் என்பார். ஹேவாஹெட்டவிலிருந்து மரக்கறி லொறி ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்து லைசன் போன பிறகு மகனுடைய வீட்டில் இருந்தார்.

"வீட்டுல இருந்தா மருமகளுக்கு காலுக்குள்ள நிக்கிற பூனை மாதிரி, மாஸ்டர். எந்தப் பக்கம் போனாலும் மிதிபடுவேன். இந்தத் துண்டு கெடச்சது அல்லா செஞ்ச உதவி."

அவருக்கு அந்தக் கூறு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பயிரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வட்டக்காய் விதையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலமெல்லாம் வட்டக்கா ஏத்தி எறக்கினேன். இது எந்தப் பக்கத்தால மொளைக்கிற எண்டு தெரியா."

"கூர்முனையால நானா. அத கீழ பாக்க வைங்க."

"பாத்தீங்களா, லொறியில ஏத்துறதே லேசு."

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குள் ஒரு சந்தோஷம். ஒருவர் என்னிடம் கேட்டார், நான் பதில் சொன்னேன்.

எங்களுக்கிடையில் ஒரு பன் பை போய்வந்தது. மரக்கறிக் கடைகளில் விற்பார்களே, பன் புல்லால் பின்னிய பை, அது. நான் கொடியின் இளங்கொழுந்தைக் கிள்ளி அதில் போட்டுக் கொடுப்பேன். நானாவின் மனைவி அதை அரிந்து தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டுவார். அவரை நான் ராத்தா என்பேன், அக்கா என்பதுபோல. மறுநாள் பை திரும்பி வரும். ஒருநாளும் அது வெறுமையாக வந்ததில்லை. நோன்பு காலத்தில் பேரீச்சம்பழம் வந்தது. பெருநாளன்று தொதல் என்ற இனிப்பு வந்தது. வீட்டில் ஒன்றுமில்லாத நாளில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதுவும் இல்லாத ஒரு நாளில் ஒரு நெருப்புப் பெட்டி.

"வெறும் பை கொண்டு போனா உங்கட ராத்தா என்ன திரும்ப வீட்டுக்கு எடுக்க மாட்டா," என்பார் நானா.

முதல் போகத்தில் அவர் போஞ்சி நட்டார். குரங்குக் கூட்டம் வந்து ஒரு காலையில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனது. "மரக்கறி சப்ளை செய்றது என்ன விட்டுப் போகல்ல மாஸ்டர், குரங்குக்கு சப்ளை செய்றேன்," என்று சிரித்தார். ஆனால் அந்தப் போகம் கணக்கில் பூச்சியம். அடுத்ததும் போனால் கூறு போய்விடும். ஆகவே என்னைப் பார்த்து வட்டக்காய் போட்டார். நான் சொன்னபடி குழி வெட்டினார், சொன்னபடி எரு போட்டார். கொடி என்னுடையதைவிட வேகமாக ஓடியது. கயிற்றைத் தாண்டி என் பக்கம் வந்த நுனிகளை நான் தூக்கி அவர் பக்கம் திருப்பி விடுவேன்.

அவருடைய கொடியில் முதல் பிஞ்சுகள் வந்த அன்று ராத்தாவும் பார்க்க வந்தார். பக்கத்துக் கூறுகளில் வேலை செய்துகொண்டிருந்த சிலரும் கூடினார்கள். பிஞ்சு ஒவ்வொன்றின் நுனியிலும் விரியாத மொட்டு. ராத்தா விரலை மடக்கி, மடக்கிய மூட்டால் ஒரு பிஞ்சைக் காட்டி, "மாஷா அல்லாஹ், இன்னா ஒண்ணு" என்றார். நானாவும் அப்படியே மடக்கிய விரலால் இன்னொன்றைக் காட்டினார். வட்டக்காய்ப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது அவர்கள் மட்டும் நம்புவதல்ல. எங்கள் லயத்திலும் அப்படித்தான். சின்ன வயதில் நான் விரல் நீட்டி, அம்மாவிடம் கையில் அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த அடியை மறந்திருக்கலாம். இல்லை, அதனால்தான் செய்தேனோ என்னவோ. எல்லோருக்கும் கேட்கும்படி, "நானா, இது சும்மா மூடநம்பிக்கை. நான் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சவன். பாருங்க," என்று சொல்லி, சுட்டுவிரலை நேராக நீட்டி, "இது, இது, இந்தா இது," என்று ஒவ்வொரு பிஞ்சாகக் காட்டிக்கொண்டே போனேன். ஒருவர் சிரித்தார். ராத்தா அவசரமாகக் குனிந்து ஓர் இலையை இழுத்துக் கடைசிப் பிஞ்சை மூடினார். "மாஸ்டர் பகிடி பண்றாரு," என்று மட்டும் சொன்னார் நானா.

அதற்குப் பிறகு மழை பிடித்தது.

வட்டக்காய்க் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியும்போது விரிந்து, வெயில் ஏறுமுன் சுருங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தேனீ வந்து ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்க்க வேண்டும். மழை நாளில் தேனீ வராது. சேர்க்கை நடக்காத பிஞ்சு மஞ்சளித்து, சுருங்கி, அழுகி விழும். இது ஆறாம் வகுப்புப் பாடம். மனிதனே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அதன் நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தடவினால் போதும். காய் பிடித்துவிடும்.

எனக்கு விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும். படுக்கையில் கிடந்து கூரையைப் பார்ப்பதற்குப் பதிலாகக் குடையைப் பிடித்துக்கொண்டு காணிக்கு வந்துவிடுவேன். என் பூக்களை ஒவ்வொன்றாகத் தடவுவேன். ஒளித்துச் செய்ய வேண்டும் என்று தொடங்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே யாரும் இருப்பதில்லை, அவ்வளவுதான். நானா பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏற்றிவிட்டு வருவார். அதற்குள் பூக்கள் மூடியிருக்கும்.

என் பிஞ்சுகள் பருத்தன. அவருடையவை மஞ்சளித்தன. நான் விரல் நீட்டியவை முதலில் விழுந்தன. அதற்குப் பிறகு வந்தவையும் விழுந்தன. தினமும் விடியற்காலையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய பெண் பூக்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. என் கையில் உரித்த ஆண் பூ இருந்தது. கயிறு என் முழங்கால் உயரம்கூட இல்லை.

நான் கடக்கவில்லை.

அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். 'உங்கட மட்டும் எப்படி மாஸ்டர் காய்க்கிது?' என்று ஒரு வார்த்தை. அதற்கான பதிலை வீட்டில் சோறு வடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எங்கே தொடங்குவது, எந்தப் பூவைக் கையில் எடுத்துக் காட்டுவது, எந்த இடத்தில் ஒரு பகிடி விடுவது என்றெல்லாம் ஒழுங்கு பண்ணி வைத்திருந்தேன். அவர் கேட்ட அன்றே இரண்டு பேருமாகக் குனிந்து அவருடைய பூக்களையெல்லாம் தடவிவிடலாம். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் நானே ஒரு நூல் விட்டேன்.

"என்ன நானா, பூவெல்லாம் வீணாப் போகுதே?"

அவர் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அல்லா நாடின அளவுதான் மாஸ்டர்," என்றார். பிறகு குடைக்குள் நின்றபடி, ஒருமுறை மழையில் ஹேவாஹெட்ட வளைவில் லொறி சறுக்கிய கதையைச் சொன்னார். கேட்காமல் விடுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். இவ்வளவு பிடிவாதமா என்று நினைத்தேன். பை மட்டும் நிற்கவில்லை. அந்த நாட்களிலும் அது எலுமிச்சங்காயோடும் மிளகாயோடும் வந்துகொண்டிருந்தது.

போகத்தின் முடிவில் சங்கத்தின் செயலாளர் பார்வையிட வந்தார். சிங்களப் பெண்மணி, நாங்கள் மரியாதையாக நோனா என்போம்; நல்லவர், யாரையும் நோகடிக்க விரும்பாதவர். நானாவின் கூற்றுக்கு முன்னால் குடையை மடக்கிக்கொண்டு நின்று, கொடி இவ்வளவு செழிப்பாக இருக்கிறதே, காய் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

"எலைதான் நோனா. எல வியாபாரம்," என்றார் நானா, அதே மொழியில். அவர் சிரித்தார். செயலாளரும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சங்கடத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்கள் படித்தவர். இந்தக் கொடிக்கு இன்னொரு போகம் கொடுத்தால் காய்க்குமா? நீங்கள் சொன்னால் நான் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன்."

கடைசியில் ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டார். நான் காத்திருந்த கேள்வியேதான். காய்க்கும், நாளைக்கே காய்க்கும், பூவைத் தொட்டால் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் இவ்வளவு நாளும் ஏன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? நானா எனக்குப் பக்கத்தில் நின்றார். நான் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தேன்.

"நிச்சயமாகச் சொல்ல முடியாது," என்றேன்.

செயலாளர் தலையசைத்தார். அப்போது நானா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"வேற யாருக்கும் குடுக்க வாணாம் நோனா. மாஸ்டருக்கே குடுங்க. அவருக்குக் கை ராசி இரிக்கி."

மண்வெட்டியைக் கழுவி, பழைய சாக்கில் சுற்றிக்கொண்டு அவர் புறப்பட்டபோது நான் களஞ்சியத்து மூலைவரை கூடப் போனேன். அங்கே நின்று என் தோளில் கையை வைத்தார்.

"மனசுல வச்சிக்கொள்ள வாணாம் மாஸ்டர். அண்டைக்கி வெரல் நீட்டினது நீங்க தெரியாமத்தானே செஞ்சீங்க. படிச்ச ஆக்களுக்கு இதெல்லாம் தெரியாதுதானே. ராத்தாக்கும் சொல்லிட்டேன், அவர ஏச வாணாம் எண்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காரணம் அவருக்குத் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். அது என் விரல். அதைச் சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான் என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தார். என் முகத்தைப் பாதுகாப்பதற்காக ஒரு போகம் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் செய்யாத பிழைக்கு அவர் மன்னிப்புக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். "சரி நானா," என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில், அவருடைய கூற்றில் நின்ற அதே கொடிகளின் பூக்களைத் தடவினேன். புதிய விதை போடவில்லை. அதே வேர், அதே தண்டு. காய்கள் பிடித்தன. நன்றாகப் பிடித்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே தேங்காய் மட்டை வைத்தேன். பேச யாரும் இல்லை. கயிற்றை அவிழ்க்க மனம் வரவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காலைத் தூக்கிக் கடக்கிறேன். அது எவ்வளவு லேசு என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் தெரிகிறது.

முதல் காய் முற்றியதும் அதை வெட்டிப் பன் பையில் வைத்துக்கொண்டு நானாவின் வீட்டுக்குப் போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், கடைகளுக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. நானா சாரம் உடுத்திக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வாங்க மாஸ்டர், வாங்க. அடேயப்பா, இது என்ன, கொழந்த மாதிரி தூக்கிட்டு வாறீங்க!" ராத்தா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தேநீர் வந்தது.

"நானா, இது உங்க கொடியில காய்ச்சது," என்றேன். "விரலால ஒண்ணும் நடக்கல. தேனீ வரல, அதான். பூவ கையால தொட்டுவிட்டா காய்க்கும். என்னுடையத நான் தொட்டேன்."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "அப்ப வெரல் இல்ல."

"இல்ல."

"உங்களுக்கு முந்தியே தெரியும்."

"தெரியும். நோனா கேட்டப்பவும் தெரியும்."

"என்ட பூ விரிஞ்சி நிண்டத தெனமும் பாத்தீங்க."

"பாத்தேன் நானா."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நானா வெகுநேரம் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர் சொல்லல்ல?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார். "கேக்கணுமா?" என்றார். "றோட்டுல ஒருத்தன்ட டயர் காத்துப் போனா நாங்க ஹோன் அடிச்சிச் சொல்லுவோம் மாஸ்டர். அவன் கேக்கிற வரைக்கும் இருக்க மாட்டோம்."

செயலாளரிடம் பேசிக் கூற்றைத் திருப்பி வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் ஒப்புக்கொள்வார், நீங்கள் நேரில் வந்து ஒருமுறை கேட்டால் போதும் என்றேன். நானா முழங்காலைக் காட்டி, இனி அந்த ஏற்றம் ஏற ஏலாது என்றார். ஏலும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நான் எழும்பியபோது ராத்தா வந்து பையைத் தந்தார். நாலாக மடித்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நானா மட்டும், "பாத்துப் போங்க, பஸ்காரனுகள் பறக்கிறானுகள்," என்றார். பாலத்தின் நடுவில் நின்று பையை விரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

இப்போதும் அந்தப் பக்கத்துக் கொடியில் காய்ப்பதை நான் வீட்டுக்கு எடுப்பதில்லை. முற்றியதும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. தேநீரும் தருகிறார்கள். நானா மழையைப் பற்றிப் பேசுவார், டீசல் விலையைப் பற்றிப் பேசுவார். காணியைப் பற்றிக் கேட்பதில்லை. நான் புறப்படும்போது ராத்தா பையை மடித்துத் தருவார். வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, அந்தப் பைக்குள் கையை விட்டு மூலைவரை தடவிப் பார்க்கிறேன். போன கிழமை விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அவசரமாக வெளியே எடுத்தேன். வட்டக்காய்க் காம்பு. நான் கொண்டுபோன காயிலிருந்து முறிந்தது.